மேல மேல கீழ கீழ

தொண்ணூறுகளில் ராசிபுரத்தில் வீடியோ கேம் விளையாடியவர்களை விட அதைப் பற்றிப் பேசியவர்கள் பல மடங்கு அதிகம். செட் இருந்த வீடு தெருவுக்கு ஒன்றுகூடத் தேறாது. பேசுவதற்குச் செட் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் டியூஷன் வாசலிலும் ஓயாமல் பேசினோம். அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதே இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதனால் அவர்கள் சொன்ன கதைகளின் தரம் துளியும் குறைந்துவிடவில்லை. மரியோவில் எட்டாவது உலகத்தை முடித்தால் டி.வி.யில் ஒரு நம்பர் வரும், அதை ஜப்பானுக்கு எழுதிப் போட்டால் சைக்கிள் அனுப்புவார்கள் என்றான் ஒருவன். கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து அவனிடம் விலாசம் கேட்டவர்களும் உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அதன் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் இரண்டு டி.வி., இரண்டு செட். காசு கொடுத்தால் அரை மணி நேரம். மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று செட்டுகளுக்குப் பெயர் பலவாக இருந்தாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான்: நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கேசட்டின் மேல் 99,99,999 கேம்கள் என்று அச்சிட்டிருக்கும். பட்டியலில் கீழே போகப் போக அதே மரியோ வேறு ஸ்டேஜில் தொடங்குவான், அதே கோன்ட்ரா வேறு பெயரில் வரும். "மீதியெல்லாம் எங்கண்ணா?" என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டால், "இன்னும் கீழ போ, வரும்" என்பார். அரை மணி நேரம் முடியும்வரை கீழே போய்க்கொண்டே இருந்த அப்பாவிகள் இருந்தார்கள்.

இந்த விளையாட்டுகளை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து செய்திருப்பான் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. சினிமா என்றால் இசை யார், பாட்டு யார், சண்டைப் பயிற்சி யார் என்பதுவரை ஒப்பிப்போம். கேமுக்கு மட்டும் அப்பன் ஆத்தா கிடையாது. கள்ளக் கேசட் செய்தவர்கள் முகப்பில் இருந்த கம்பெனிப் பெயரையும் ஆண்டையும் பல நேரம் அழித்தே விட்டிருந்தார்கள். ஷிகெரு மியாமோட்டோ என்ற பெயரை நான் முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மரியோவுக்கு அவர் மீசை வைத்ததற்குக் காரணம் வீரம் அல்லவாம். அன்றைய திரையில் இருந்த கொஞ்சநஞ்சப் புள்ளிகளுக்குள் வாய் வரைய இடமில்லை. முடி வரைவதும் சிரமம், அதனால் தொப்பி. மீசைக்கு இப்படியொரு விளக்கம் இருக்க முடியும் என்பதை எங்கள் பக்கத்தில் ஏற்றுக்கொள்ளக்கூடியவர்கள் அன்றைக்கு யாருமில்லை.

எங்களிடம் இருந்த ஒரே சாஸ்திரம் கோன்ட்ராவின் மந்திரம். மேல மேல கீழ கீழ, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட், பி ஏ, ஸ்டார்ட். மூன்று லைஃபுக்குப் பதில் முப்பது. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன்தான் அதை எங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தான். அந்த வருஷம் முழுக்க அவனை யாரும் அடிக்கவில்லை. அவனுக்கு யார் சொன்னார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி நிறுவனத்துக்காரர் 1986-இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை வீட்டுச் செட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க வேண்டியவர் அவரே. விளையாட்டோ அவருக்கே கடினமாக இருந்தது. தன் வசதிக்காக ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டார், அது உள்ளேயே தங்கிவிட்டது. பிறகு கோன்ட்ராவுக்கும் வந்தது. 2020 பிப்ரவரியில் அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான், ராசிபுரத்தில் நாங்கள் பயபக்தியோடு ஓதியது தன் விளையாட்டில் தானே தோற்ற ஒரு மனிதரின் கைவேலை என்று தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மரியாதை இன்னும் கூடியிருக்கும்.

பெரியவர்களின் கருத்தில் குழப்பமே இல்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பா வரும்போதெல்லாம், "பட்டனத் தட்டிக்கிட்டிருந்தாச் சோறு வருமாடா?" என்று ஆரம்பிப்பார். 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. மாவட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்தவை முட்டையும், லாரியும், விடுதியோடு கூடிய பள்ளிகளும். அந்தப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். நியாயப்படி அது தவறு. நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பேர்போனது, கறிக்கோழி என்றால் பல்லடம் பக்கம் போக வேண்டும். அப்படியொரு விடுதிப் பள்ளியில்தான் என் டிரங்குப் பெட்டியிலிருந்த கேசட்டைப் பறிமுதல் செய்து பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். செட் இல்லாமல் கேசட்டை மட்டும் எதற்காக வைத்திருந்தாய் என்று வார்டன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசுவதற்குத்தான் என்றால் நம்பியிருப்பாரா?

பிறகு பிரவுசிங் சென்டர் காலம். ஐ.ஜி.ஐ. என்ற துப்பாக்கி விளையாட்டு, நார்வேக்காரர்கள் 2000-இல் செய்தது, எங்கள் பக்கத்துப் பையன்களை ஆட்டிப்படைத்தது. அதில் ஒரு மிஷனின் நடுவில் சேவ் செய்ய வழியில்லை. செத்தால் முதலிலிருந்து. தமிழ்நாட்டின் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அதையும் ஆடினார்கள். எதிரியின் குண்டில் செத்தவர்களை விட மின்வாரியத்தால் செத்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அரசாங்கம் 2006-இல் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் இன்னொரு ஆட்சி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது. எங்கள் சித்தி பையனுக்கு வந்த லேப்டாப்பில் முதலில் ஏறியது வைஸ் சிட்டி. இரண்டாவது என்ன ஏறியது என்று எனக்கு நினைவில்லை, பாடம் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது என் அக்கா மகன். அவனுக்குக் கேம் செய்தவர்களின் சாதகமே தெரியும். பப்ஜிக்கு மூலவர் பிரெண்டன் கிரீன், அயர்லாந்துக்காரர், புகைப்படம் எடுத்தும் வெப்சைட் வடிவமைத்தும் பிழைத்தவர், அடுத்தவர் விளையாட்டைப் பிரித்து மாற்றி மாற்றித்தான் இந்த இடத்துக்கு வந்தார் என்று மூச்சுவிடாமல் சொல்வான். நூறு பேரில் கடைசியாக நிற்பவனுக்கு அதில் சிக்கன் டின்னர் என்று வாழ்த்து வரும். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் வழங்கிய பழைய சொலவடை அது. "மாமா, உங்க நாமக்கல்ல உக்காந்து நூறு பேரச் சுட்டாத்தான் கோழின்னா சிரிக்க மாட்டாங்களா?" என்பான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் யாரையும் சுடாமல் சாப்பிட்டவர்கள்.

இந்தக் காலத்துப் பையன்கள் யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு கட்டுரைக்குத் தயாராக இருந்தேன். ஒரு ராத்திரி அவன் அறை வாசலில் நின்று கேட்டதில் அந்தக் கட்டுரை போயிற்று. ஹெட்செட்டில் மூன்று பேர். ஒருவன் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவன். ஒருவன் சேலம் கொண்டலாம்பட்டி. மூன்றாமவன் திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். "ஸோன் வருது, ஓடுறா" என்பதற்கும் "ரிவைவ் பண்ணுடா" என்பதற்கும் நடுவே டீசல் விலை, தறிக் கூலி, அங்கே எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் ஓடுகிறது. வேப்பமரத்தடியில் நாங்கள் பேசியதில் இவ்வளவு விஷயம் இருந்ததில்லை.

எல்லாப் பேச்சும் அப்படியல்ல. விளையாட்டை விட்டு வசையையே தொழிலாக்கி, ஆபாசமாகப் பேசியே கூட்டம் சேர்த்த ஒரு யூடியூபர் எங்கள் சேலத்துக்காரர்தான். புகார்கள் குவிந்து 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். ஊர்ப் பெருமையில் இதைச் சேர்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை.

அரசாங்கமும் இப்போது கேம்களைப் பற்றி நிறையப் பேசுகிறது. 2020 செப்டம்பரில் தடையான 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021-இல் பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது, 2022-இல் அதுவும் கடைகளிலிருந்து போனது, 2023-இல் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் அங்கேயே இருந்தது. மேக்ஸ் என்ற ஒட்டுக்கு இருந்த மகிமை எங்கள் கேசட்காரர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

பெரியப்பா பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ரம்மிக்கு வந்து சேர்ந்தார். பட்டனைத் தட்டினால் சோறு வராது என்று சொன்னவர், சோற்றுக்கு வைத்திருந்ததையும் தட்டியே தீர்த்தார். பேரனிடம்தான் ஆப் இறக்கச் சொல்லிக் கற்றுக்கொண்டார். சட்டமன்றம் 2022-இல் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்து ஆடுவதற்கு ஆதார் வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்றன. எங்கள் வார்டன்கூட விளக்கணைக்கும் நேரத்தை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்ததில்லை. அந்த ஆகஸ்டில் மத்தியச் சட்டம் காசு வைத்து ஆடுவதையே மொத்தமாக நிறுத்தியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெரியப்பாவுக்கு அந்த இரண்டாவது பாதியில் ஆர்வமில்லை.

என் கேசட்டைப் பூட்டி வைத்த நிர்வாகம் இப்போது பொறியியல் கல்லூரியும் நடத்துகிறது. அதன் சிம்போசியத்தில் கேமிங் போட்டி உண்டு, முதல் பரிசு ரொக்கம். போன வருஷம் அக்கா மகன் போய்த் தோற்று வந்தான். பீரோவைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டானாம்.

பொங்கல் லீவில் அவன் லேப்டாப்பில் வெண்பா என்று ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988-இல் கனடாவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவன் பாவலன், பிள்ளை கவின். அம்மாவின் சமையல் குறிப்பேடு நைந்து அழிந்து கிடக்கிறது, அதை ஊகித்துச் சமைக்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டே பாஃப்டாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருதும் கிடைத்தது. பையன் இட்லியிலேயே நின்றுவிட்டான்.

காபியோடு வந்த என் அம்மா, வாழ்நாளில் முதன்முறையாக, இந்தச் சனியனை அணை என்று சொல்லாமல் திரையைப் பார்த்தார்.

"அதென்ன கண்ணு, குழிக்கு நேரா குழி வெக்கிற? தட்டத் திருப்பி மாத்தி வை. ஆவி போக வழி வேணுமல்ல?"

திருப்பி வைத்தான். இட்லி வெந்தது. அடுத்தது புட்டு என்றதும், "ராகிப் புட்டுன்னாச் சொல்லுவேன், இது கொழாப் புட்டு" என்று கொஞ்சம் பின்வாங்கினார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"இதச் செஞ்சது யாரு சாமி?"

"அபின்னு ஒருத்தர், அம்மிச்சி. கனடாவுல இருக்கார்."

"அந்தக் குளுருக்கு மாவு பொங்குதாமா?"

"தெரியல அம்மிச்சி."

"கேட்டுச் சொல்லு."

"அவருகிட்ட நான் எப்படிக் கேக்கறது?"

"ராவெல்லாம் சத்தீஸ்கர்ல இருக்கறவங்கிட்டப் பேசறயில்ல. அதுலயே கூப்பிட்டுக் கேளு."