வேஷ்டிக்கு ஓர் ஆபரணம்

மனிதன் தரிக்கும் வஸ்திரங்களுள் வேஷ்டியைப் போலச் சாதுவாகத் தோன்றிச் சமயம் பார்த்துக் காலை வாரிவிடுவது வேறொன்று இல்லை. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் வேளையில் அது ஒருபோதும் நழுவாது. இரண்டு கைகளுக்கும் வேலை வந்துவிட்டதென்று தெரிந்தால்தான், அதாவது சம்பந்தி வீட்டாரைக் கை கூப்பி எதிர்கொள்ளும்போதோ, சீர்த்தட்டை ஏந்திக்கொண்டு நாகஸ்வரத்துக்குப் பின்னால் நடக்கும்போதோதான், இடுப்பில் செருகிய முனை மெல்லத் தளரத் தொடங்கும். பட்டு வேஷ்டியானால் கேட்கவே வேண்டாம். அதற்கு எஜமான விசுவாசம் என்பதே கிடையாது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. முனையை அரைஞாண் கயிற்றுக்குள் செருகிக்கொள்வது ஆதிகால உபாயம். மண்டி முதலாளிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட் அதைவிடப் பலமானது. பணம் வைக்க உறையும் அதிலேயே உண்டு. ஆனால் மயில்கண் வேஷ்டியின் மேல் அதைக் கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போனால், ஆசீர்வதிக்க வந்தவர் என்று நினைக்கமாட்டார்கள், பழைய பாக்கியை வசூலிக்க வந்தவர் என்றே நினைப்பார்கள்.

இப்போது கடைகளில் ஒட்டிக்கொள்ளும் வேஷ்டி கிடைக்கிறது. இந்த ஒட்டுப்பட்டையின் மூலபுருஷர் சுவிட்சர்லாந்து தேசத்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரல். 1941-இல் நாயோடு உலாவிவிட்டுத் திரும்பியவர், அதன் ரோமத்தில் ஒட்டியிருந்த விதைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றின் நுண்ணிய கொக்கிகளைக் கண்டுகொண்டார். நம் முன்னோரும் வரப்பில் நடந்து, வேஷ்டியில் ஏறிய நாயுருவி விதைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தவர்கள்தாம். வைதுகொண்டே பிய்த்தார்களே ஒழிய, ஒன்றையாவது உற்றுப் பார்த்தார்களில்லை. அது போகட்டும். கச்சேரியில், ஆலாபனை நிசப்தத்தை எட்டும் கட்டத்தில், வேஷ்டியைச் சரிசெய்ய வேண்டி அந்த ஒட்டைப் பிரித்தால் எழுகிற 'பர்ர்' என்னும் ஓசைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் காட்டும் அனுதாபத்தை என்னால் தாங்க முடியாது.

எழுதிப் பிழைப்பவனுக்கு இடுப்புத்துணி விசாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க ஹாஸ்ய ஆசிரியர் மார்க் ட்வெயின், கால்சட்டையைத் தோளிலிருந்து இழுத்துப் பிடிக்கும் வார்களைச் சகியாமல், ஆடையை இறுக்கவும் வேண்டும்போது கழற்றவும் தக்க பட்டையொன்றை உண்டாக்கி, 1871-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்தத் தைரியத்தில்தான் நானும் இறங்கினேன்.

எனக்கு வழிகாட்டியது என் மனைவியின் பாட்டி இடுப்பில் மாட்டியிருந்த வெள்ளிச் சாவிக்கொத்து. வீட்டுச் சாவிகள் அத்தனையின் பாரத்தையும் தாங்கிய அந்தக் கொக்கி, ஒரு துணியின் பாரத்தைத் தாங்காதா? முன்பக்கம் அன்னப்பட்சி, பின்பக்கம் வேஷ்டியின் மடிப்பையும் அரைஞாணையும் சேர்த்துக் கவ்வும் நாக்கு என்று சித்திரம் வரைந்து பத்தரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?" என்றார். "வேஷ்டிக்கு" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை. நூல் இழுபடாதபடி நாக்கின் விளிம்பை அரத்தால் ராவி, விரல் நுனியால் தடவித் தடவி மழுக்கித் தந்தார்.

மருமான் கல்யாணத்தில் முழு நேரமும் வாசலில் நின்று வருவோரை இரு கையாலும் கும்பிட்டேன், வேஷ்டி அசையவில்லை. ஆயினும் என் வலக்கை பழைய பழக்கத்தில் அடிக்கடி இடுப்புக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தது; துணியைப் பிடித்து நிறுத்தலாம், சந்தேகத்தை எந்தக் கொக்கியால் நிறுத்துவது? நடுவில் என் மனைவி, "அன்னம் சும்மாத்தானே நிக்குது" என்று உக்கிராண அறைச் சாவியையும் அதில் மாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பாரத்தோடும் அது பந்தி முடியும்வரை நின்றது.

நான் மார்க் ட்வெயினைப் போலக் காப்புரிமை வாங்கப் போவதில்லை. வேண்டியவர்கள் தாராளமாகச் செய்துகொள்ளலாம். சித்திரத்தை இனாமாகவே தருகிறேன். வெள்ளியும் செய்கூலியும் சேதாரமும் மட்டும் அவரவர் பொறுப்பு.