காதருகே கத்தும் கேமரா

கேள்வி: ட்ரோனில் கேமராவை ஆன் செய்தாலே ஜிபிஎஸ் 12 செயற்கைக்கோளிலிருந்து 4-க்கு இறங்கிவிடுகிறதே, ஏன்?
- வாசகர், கிள்ளான்

பதில்: தீபாவளி நேரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பாட்டுக்கடை ஸ்பீக்கர் பக்கம் நின்று கைப்பேசியில் பேசிப் பாருங்கள், புரியும். ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து முனகலாக வந்து சேர்கிறது. உங்கள் கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் அதைக் கேட்கும் ரிசீவரின் காதருகே கத்துகின்றன.

ஜிபிஎஸ் ஆன்டெனாவை நாலைந்து விரற்கடை உயரக் குச்சியில் ஏற்றி, அவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள். கேமராவுக்கு முதலில் இன்சுலேஷன் டேப், மேலே செப்பு டேப் சுற்றி கிரவுண்டோடு இணையுங்கள். லென்ஸை மூடிவிட்டு அடுத்த வாரம் 'படம் இருட்டாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள்! கேமரா வயரை ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுற்று சுற்றலாம்.

உயர்த்தச் சொன்னது ஆன்டெனாவைத்தான். அனுமதியில்லாமல் ட்ரோனை 400 அடி தாண்டவிட்டால் விமானப் போக்குவரத்து ஆணையம் உங்களைத் தேடி வரும், ஜிபிஎஸ் இல்லாமலே.