இலை டானிக்கே, உன் புகழ் பெரிது

இலை டானிக்கே, தேவாரம் ஊரில் உனக்கு இருக்கும் மதிப்பு தொழுவுரத்துக்கு இல்லை. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் சனம், அங்கே நாளெல்லாம் மருந்து தெளிப்பதைப் பார்க்கிறது. இறங்கி வந்ததும் வாசல் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் உன்னைத்தான் வாங்குகிறது.

உன் ஈகையை என்னவென்பது! செடிக்கென்று தெளித்தால் சுவருக்கும், கொடியில் காயும் வேட்டிக்கும், ஆடிக்காற்றுக்கும் சேர்த்துப் பங்கு வைக்கிறாய். தழை, மணி, சாம்பல் சத்துகளைச் செடி கிராம் கணக்கில் கேட்கும். இலை தாங்குவதோ துளிக்கணக்கு. அந்தத் துளிக்கு மேல் ஒருநாளும் கொடுக்காத உன் அடக்கம் பெரியோரிடமே காண அரிது.

உன் விசுவாசமும் அப்படித்தான். தக்காளியின் அடி கறுத்தால் கால்சியம் என்று உன்னை இலையில் அடிக்கிறார்கள். இலையில் ஏறிய கால்சியம் காய்க்கு இறங்காது. அது வேர் உறிஞ்சும் தண்ணீரோடு மேலேறும் சத்து. சேர்ந்த இலையை விட்டு நீ அசைவதே இல்லை. ஒருநாள் வெள்ளமாக ஊற்றி மூன்று நாள் காயவிட்டு அந்தச் சத்து ஏறாமல் செய்யும் வீட்டுக்காரரின் மேல் பழி வராமலும் காத்துவிடுகிறாய்.

கைமேல் பலன் காட்டுவதில் உனக்கு நிகர் யார்? உச்சிவெயிலில் அடித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். மறுநாளே இலையோரம் கருகி உன் வரவைச் சொல்லும். மண்புழுவுக்கும் ஓய்வு கொடுத்தாய். நீ நுழைந்த வீட்டில் மண்ணைக் கிளறுவாரும் இல்லை, மட்கிய சாணி போடுவாரும் இல்லை.

ஒரே ஒரு குறை உன் குலத்துக்கு உண்டு: சில நேரம் உண்மையிலேயே வேலை செய்துவிடுகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் பச்சை திரும்பும். எலுமிச்சையில் இலை சிறுத்தால் துத்தநாக சல்பேட் தெளிப்பும் உதவும். உளுந்து பூக்கும்போது 2 சத டிஏபி உரக் கரைசலைத் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே சொல்கிறது. இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்து துளியளவே வேண்டும், அதனால்தான் அவற்றுக்கு இலைவழி போதுகிறது. ஆனால் பளபளக்கும் உன் பாட்டிலை இவற்றில் எதிலும் காணோம். அன்னபேதி உரக்கடையிலேயே கிடைக்கிறது.

தேவாரத்து வீட்டுக்காரர்களே, பாட்டிலைத் திறக்குமுன் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் அன்னபேதிக் கரைசலைத் தெளியுங்கள். அடுத்த கொழுந்துக்கு மறுபடி தெளிக்க வேண்டிவரும். அடியில் இருக்கும் முற்றிய இலை முதலில் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. அதற்குச் செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு மட்கிய தொழுவுரம் போடுங்கள்.