மூளை கொட்டாவி விடுமா?

கேள்வி: புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் நாள் முழுக்க பில் போடுகிறேன். மூளை களைத்துவிட்டதைத் தலையில் மாட்டும் கருவியே சொல்லிவிடுமாமே, நிஜமா?
– வாசகி, ஆலங்குடி

பதில்: நிஜம்தான் அம்மா. மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-லேயே பதிவு செய்துவிட்டார். களைப்பு ஏற ஏற, நெற்றிப் பக்கம் நொடிக்கு 4 முதல் 8 தடவை துடிக்கும் தீட்டா அலை வலுக்கிறது. அதுதான் மூளையின் கொட்டாவி. ஆனால் கண்ணைச் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் பதிவு குழம்பும். வாடிக்கையாளர் பேரம் பேசும்போது பல்லைக் கடிக்காமல் இருக்க முடியுமா?

எனக்குக் கவலை வேறு. அந்த அலையை யார் பார்ப்பது? சந்தேகத்தில் பிடிபட்டவரைக்கூட அவர் சம்மதமில்லாமல் மூளை அலைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாதென்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்தக் காப்பு உண்டென்றால், பில் போடுகிற உங்களுக்கு வேண்டாமா? முதலாளி கருவியை நீட்டினால், அலை ஏறியதும் ஓய்வு தருவாரா, சம்பளத்தில் பிடிப்பாரா என்று எழுதி வாங்கிக்கொண்டு மாட்டுங்கள்.