அம்மிக்குக் கிடைத்த பதவி உயர்வு

தமிழ் வீடுகளின் புழங்குபொருட்களில் அரைக்கவும் இடிக்கவும் இருந்த கற்கள் நான்கு: அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை. மசாலாவும் துவையலும் அம்மிக்கு; இட்லி மாவு ஆட்டுக்கல்லுக்கு; தானியம் குத்த உரல்; பயறு உடைக்கத் திருகை. ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. நான்கும் வைத்த இடத்தை விட்டு எளிதில் நகராதவை. பாகப்பிரிவினையில் பித்தளை அண்டாவுக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்களிலும், ஆட்டுக்கல்லை மட்டும் அண்ணன் தம்பிக்கும் தம்பி அண்ணனுக்கும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததுண்டு.

கல் எங்கும் கருங்கல்தான். வட்டாரம் அதில் ஏறிய சரக்கில் தெரிந்தது. கரிசல் காட்டு உரல் கம்பு இடித்தது; காவிரிப் படுகை உரல் நெல் குத்தியது. நாஞ்சில் நாட்டு அம்மி தேங்காயில் வழவழப்பாகியது. செட்டிநாட்டு அம்மிக்கு மிளகும் சோம்பும் வாய்த்தன. கொங்கு நாட்டில் ஆட்டாங்கல் என்பதைத் தெற்கே ஆட்டுரல் என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் மாவாட்டுகிறவரின் தோள்வலி ஒன்றுதான்.

அந்தத் தோளுக்கு விடுதலை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. 1955-இல் அங்கு பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் குழி நிற்கும், குழவி சுற்றும். அவ்வகை கிரைண்டரில் குழவி நிற்கும், பாத்திரம் சுற்றும். கல் வேலையை விடவில்லை, ஆட்டுகிறவர்தான் எழுந்து போனார். பின்னர் மிக்ஸி வந்து அம்மியையும் ஓய்வில் அனுப்பியது. 2011-இல் தமிழக அரசு கிரைண்டர், மிக்ஸி இரண்டையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும், வீட்டுக் கற்களின் பணிக்காலம் அநேகமாக முடிந்தது.

பணியிழந்த ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய் மழைநீர் சேகரித்தது. டெங்கு பரவும் காலங்களில் பழைய டயர், கொட்டாங்குச்சி ஆகியவற்றோடு அதன் பெயரும் கொசு வளரும் இடங்களின் பட்டியலில் ஏறியது. இதற்கிடையே கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்று ஊரின் பெருமையாகிவிட்டது. பாரம்பரியத்தை வெளியேற்றிய எந்திரம் தானே பாரம்பரியமாவதற்கு அரை நூற்றாண்டு போதும் என்பது இதனால் தெளிவாகிறது.

கற்களுக்கும் காலம் திரும்பியது. 1996-இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து, புழங்குபொருட்களோடு அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சும்மா கிடந்தபோது கால் இடித்துத் திட்டு வாங்கிய பொருளை அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் உரலுக்கு விலை பேசுகிறார்கள். உணவகங்களின் வாசலில் ஆட்டுக்கல் குழியில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுகிறார்கள். உள்ளே சட்னி மிக்ஸியில் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்து அம்மியின் நிலை இன்னும் உயர்வு. அது மிளகாயையே பார்த்ததில்லை. முகூர்த்த நாட்களில் மணப்பெண்ணின் காலை மட்டும் அறியும்.

பாதுகாப்பு என்ற அளவில் இவை அருங்காட்சியகத்துக்குத் தொல்லை தராத பொருட்கள். கரையான் அரிக்காது, துரு ஏறாது, திருடன் தூக்க மாட்டான். அழியக்கூடியது கல்லைச் சுற்றியிருந்த அறிவு. அரைக்க அரைக்கக் கல் வழுக்கும். அதை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்து வருவது அநேகமாக நின்றுவிட்டது. எந்தக் கையால் குழவியைச் சுற்றி எந்தக் கையால் மாவைத் தள்ளுவது, எப்போது தண்ணீர் தெளிப்பது, விரலால் தொட்டு எந்தப் பதத்தில் நிறுத்துவது ஆகியவை காட்சிப் பலகையில் இடம்பெறுவதில்லை. கல்லின் பெயரும் ஊரும் இருந்தால் அதுவே அதிகம்.

ஆகவே ஒரு கல்லைச் சேகரிக்கும்போது அது எந்த ஊரில் எதை அரைத்தது, எந்த வரிசையில் அரைத்தது, யார் கொத்தினார் என்பதையும் அரைத்தவரிடமே கேட்டுப் பதிவுசெய்வது நல்லது. காட்சியில் உள்ள அம்மியில் மாதம் ஒருமுறையாவது துவையல் அரைப்பதையும் பராமரிப்பு விதிகளில் சேர்க்கலாம். அரைத்த துவையலைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்துவிடலாம்; அதையும் பாதுகாக்கும் பொறுப்பு அருங்காட்சியகத்துக்கு இல்லை.