பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து படப்பைக்குப் போகும் சாலையிலோ, ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவிலோ, மருந்துக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே சமீப காலத்தில் முளைத்திருக்கும் செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றில் சாயங்கால வேளையில் நுழைந்தால், முதல் ஷிப்டு முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வந்துவிட்ட தொழிற்சாலை இளைஞர்களுக்கும், கையளவு பூடில் ஒன்றை மடியில் கிடத்திக்கொண்டு மௌனமாக அமர்ந்திருக்கும் கொரியக் கனவானுக்கும் இடையில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, ஸைபீரியப் பனிப் பிரதேசத்துக்கென்றே பிரம்மதேவன் சிருஷ்டித்த ஹஸ்கி நாய் ஒன்றைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வீற்றிருக்கும் பெரியவர் ஒருவரை நாம் தவறாமல் தரிசிக்கலாம். ஊருக்கு ஊர் முகம் மாறுமே தவிர, ஆசாமி ஒருவர்தான்.

இவருடைய பூர்வாசிரமம் மாட்டுத் தொழுவம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய்க் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டதும் சரித்திரக்காரர்களுக்கு வெறும் வருஷங்கள். இவருக்கோ, மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போய், ஏரிக்கரைப் புல்லும் சுருங்கி, கறவைகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போய், கடைசியில் தொழுவமே சிமென்டுத் தரையும் தகரக் கூரையுமான லைன் வீடாக மாறி, மாட்டுக்குப் பதில் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் குடியேறிய கிரமம் அது. தொழுவம் போயிற்று, தொழுவத்து ஞானம் போகவில்லை. அது இத்தனை காலமும் வேலையின்றி இருந்துவிட்டு, மகன் பிறந்தநாள் பரிசாக அந்த ஹஸ்கியைக் கொண்டுவந்து இறக்கிய தினத்தன்று, துள்ளி எழுந்து உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பெரியோர் விதித்திருப்பதை இவர் அறியாதவரல்லர். ஆனால் அந்த விதி மாட்டுக்குத்தானே! ஆகவே நாய்க்குட்டி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தவுடன் அதன் உதட்டை விலக்கி, இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பரிசீலித்தார். அத்தனையும் பால் பல்லாக இருக்கக் கண்டு ஒருவாறு சமாதானம் அடைந்து, பிறகு நெற்றியிலும் முதுகிலும் சுழி தேடினார். மூன்று அங்குல ரோமத்துக்குள் சுழி தேடுவது சாமானியமான காரியமன்று. அரைமணி நேரப் பிரயாசைக்குப் பின், குடி கெடுக்கும் சுழி எதுவும் இல்லை என்று தீர்ப்பளித்து, மகன் ஸாரா என்று சூட்டியிருந்த நாமத்தைத் தடுப்பூசி அட்டையோடு நிறுத்திவிட்டு, லெட்சுமி என்று கூப்பிடத் தொடங்கினார். அது ஸாராவுக்குத் திரும்புவதில்லை. லெட்சுமிக்கு ஓடி வருகிறது.

மருத்துவரோ வேப்பேரிக் கல்லூரியில் படித்து வந்த இளம்பெண். 1903 முதல் கால்நடை வைத்தியம் போதித்து வரும் அந்தக் கல்லூரியின் மீது நம் பெரியவருக்கு அளவற்ற மரியாதை உண்டு. அதில் படித்தவர்கள் மாட்டை விட்டுவிட்டுப் பூனைக்கு நாடி பார்க்கிறார்களே என்பதுதான் விசாரம்.

"டாக்டரம்மா, மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னா டாக்டரு ஊட்டுக்கு வருவாரு. நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னா நாயி டாக்டரு ஊட்டுக்கு வரணுமா? ஷேர் ஆட்டோக்காரன் ஏத்த மாட்றான்மா!"

"மாடு ஸ்கூட்டர்ல உக்காராதுங்க ஐயா" என்பார் அந்த அம்மாள், வெப்பமானியை உதறிக்கொண்டே.

கட்டண விஷயத்தில் இவர் ஒரு தனி நியாய சாஸ்திரமே வைத்திருக்கிறார். கறவை மாட்டுக்குக் கோமாரி ஊசியைச் சர்க்கார் ஆறு மாதத்துக்கொருமுறை காசில்லாமல் வாசலில் வந்து போட்டுவிட்டுப் போக, பாலும் கொடாமல் சாணியும் உதவாமல் ஏஸி அறையில் மின்சாரத்தைத் தின்று கொழுக்கும் ஜீவனுக்குப் பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் என்று ஒன்றரை மாதக் குட்டியிலிருந்தே தவணை தவணையாக ஊசி போட்டுப் பணமும் வாங்குவது எந்தத் தர்மம் என்று கேட்பார். கேட்டுவிட்டு, மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, எண்ணி வைத்துவிடுவார். தவணை ஒருநாள் தள்ளிப்போனதாகச் சரித்திரம் இல்லை.

குடற்புழு மாத்திரையில்தான் ஒருமுறை விபரீதம் நிகழ இருந்தது. மூன்று மாதத்துக்கொரு தடவை நாய்க்குப் புழு நீக்க வேண்டும் என்று கேள்விப்பட்டவர், பரணில் மிஞ்சியிருந்த மாட்டு மாத்திரையை நாலாக உடைத்து, ஒரு பங்கை வெல்லத்தில் பொதித்து, மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தையும் துடைத்து வைத்துக்கொண்டார். நல்ல வேளையாக மருமகள் பார்த்துவிட்டாள். நானூறு கிலோ மாட்டுக்குக் கணக்கிட்ட மருந்தில் கால் பங்கு என்பது நூறு கிலோவுக்கான அளவு என்றும், லெட்சுமியின் எடை இருபதே கிலோ என்றும் மருத்துவர் விளக்கியபோது, அவர் சற்றும் தயங்காமல், "அப்போ இருவதா ஒடச்சிருக்கணும்" என்றார். மாட்டுக்கான மருந்துகள் சில நாய்க்கு எந்த அளவிலும் ஆகாது என்று அந்த அம்மாள் சொன்னதை அவர் இன்னும் முழுமையாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

கருத்தடைப் பிரஸ்தாபம் வந்தபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். காளைக்குக் காயடிப்பது உலக வழக்கம், பெட்டைக்குமா? இருபத்தொரு நாளைக்கொருமுறை பருவத்துக்கு வரும் பசுவைப் பார்த்துப் பழகியவர், ஆறு மாதத்துக்கொருமுறை வந்தாலே அதிகம் என்னும் பிராணியிடம் ஏன் இவ்வளவு அவசரம் என்றும், எத்தனை ஈத்து எடுக்கலாம் என்றும் விசாரித்தார். ஆபரேஷன் செய்யாத பெட்டை நாய்க்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே அபாயமாக முடிவதுண்டு என்று கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். தேதி இன்னும் குறிக்கவில்லை, பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இவரைப் பரிகசிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் செல்போனில் நாற்பது புகைப்படங்கள் காட்டுவார்கள். நாய் என்றைக்குச் சாப்பிட்டது என்று கேட்டால் விழிப்பார்கள். இவரோ, நேற்று விடியற்காலை மலம் இளகியிருந்ததையும், அதன் நிறத்தையும், மத்தியானம் தண்ணீர்ச் சட்டி நிறைந்தபடியே இருந்ததையும், காது மடல் சூடாக இருந்ததையும் வரிசையாக ஒப்பிப்பார். இடையில் "ரெண்டு நாளா அசை போடல" என்று வாய் தவறிச் சொல்லிவிடுவதும் உண்டு. மருத்துவர் அதை மட்டும் எழுதிக்கொள்வதில்லை.

எல்லாவற்றுக்கும் தர்க்கம் செய்யும் இந்த மனிதர் வாயைத் திறவாமல் போட்டுக்கொண்டு வரும் ஊசி ஒன்று உண்டு: வெறிநோய்த் தடுப்பூசி. மூன்றாம் மாதத்தில் ஒன்று, பிறகு வருஷந்தோறும். காரணம் கேட்டால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். நெடுங்காலத்துக்கு முன் இவர் வீட்டுப் பசு ஒன்று தீனி இறங்காமல் எச்சில் ஒழுக நின்றதாம். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேடியிருக்கிறார். எதுவும் அகப்படவில்லை. பசு செத்த பிறகுதான், சில வாரங்களுக்கு முன் வெறிநாய் ஒன்று தொழுவத்துக்குள் புகுந்தது பக்கத்து வீட்டாருக்கு நினைவு வந்தது. அது 2004-க்கு முந்திய காலம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை நாள்தோறும் தொப்புளைச் சுற்றி ஏற்றுவார்கள். பதினாலு ஊசி. ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கொரியக் கனவானுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், அந்த வயிற்றையும் விரல் விட்டு எண்ணும் பாவனையையும் கண்டு, தம்முடைய பூடிலின் தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

அன்றைய தினம் லெட்சுமியின் முறை முடிந்து வெளியே வருகையில், வாசற்படியில் நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி ஏந்தியபடி டயர் கம்பெனிப் பிள்ளை ஒருவன் தயங்கி நின்றான். ஷெட்டுக்குப் பின்னால் கிடந்ததாம். என்ன ஊசி முதலில் போடுவது என்று பெரியவரையே கேட்டுவிட்டான். அவர் சங்கிலியை அவன் கையில் கொடுத்து, குட்டியை வாங்கி, உதட்டை விலக்கிப் பார்த்து, நெற்றியைத் தடவி, வாலைத் தூக்கி நோக்கி, திருப்தியாகத் தலையசைத்தார்.

"சுழி சுத்தமா கீது தம்பி. உள்ள போயி டாக்டரம்மா கிட்ட முதல் ஊசி போட்டுக்கோ. எவனாச்சும் வெலைக்குக் கேட்டா குடுத்துடாத; ஆறு பல்லு ஆவட்டும், அப்பறம் பேசிக்கலாம்."