நடந்து வந்த பேரனே, எப்பம் நடந்து போவ?

ஏல பேராண்டி, நடக்கத் தெரிஞ்சவன் ஊருக்கு நாலு பேரு இருப்பான். சொந்தக்காரன் வீட்டுல இருந்து எந்திரிச்சுப் போவத் தெரிஞ்சவன் லட்சத்துல ஒருத்தன். முத வித்தையை நீ படிச்சிட்ட. ரெண்டாவதுக்கு வாத்தியார் இல்லாம இப்படிப் பாயில கெடக்க. அதுக்குத்தான் தாத்தா இருக்கேன். நான் எந்த ரோட்டுலயும் அரை மைலுக்கு மேல நடந்தவன் இல்ல. ஆனா சொந்தக்காரன் வீட்டுல தங்குததுல என்னைய மிஞ்சுன ஆளு இந்தக் கல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத்துலயே கெடையாது. ஒரு மாசம் மகன் வீட்டுல இருந்துட்டு வாரேன்னு ரயிலேறினவன்தான் நானும். இப்பம் மகனுக்கே தலை நரைச்சுப் போச்சு.

ஒன் நடையை நான் கொறை சொல்லல. சென்னையில இருந்து கல்கத்தா பக்கத்து டங்குனி வரைக்கும் பதினாறாம் நம்பர் நெடுஞ்சாலை 1,700 கிலோமீட்டர் இருக்கு. லாரிக்காரனே மூணு எடத்துல படுத்து எந்திரிக்கிற தூரம். அதைக் காலாலயே அளந்திருக்க. அக்னி நட்சத்திரத்துல ஆந்திராவைத் தாண்டி, ஒடிசாவுல மழையை வாங்கிக் கட்டி, கோலாகாட்டுல பாலத்து மேல நின்னு போட்டோவும் புடிச்சிட்ட. அடுத்து சந்தக்பூ, 3,636 மீட்டர், மேற்கு வங்காளத்துலயே உசந்த எடம்னு ஊரைக் கூட்டிச் சொன்ன. எல்லாம் சரி. வந்து எறங்குன பொறவுல்லா ஒனக்குத் தெரியுது, சந்தக்பூவுக்குப் போற வழியில உள்ள சிங்காலிலா பூங்காவை ஜூன் 16இல் பூட்டினா செப்டம்பர் 15 தாண்டித்தான் தொறப்பானுவன்னு! ரோட்டுக்கு மேப் பாத்தவன் மாசத்துக்குக் காலண்டர் பாக்கலியே மக்கா.

கேட்டா, "உடம்பு ஓய்வு கேக்கு தாத்தா"ங்க. உடம்பு கேட்டது ரெண்டு மூணு நாளு. மிச்சத்தைக் கேக்கது நாக்கு. நாள் முழுக்க நடந்தவனுக்கு ரெண்டாளு சாப்பாடு வேணும், வாஸ்தவம். கால் நின்னு போன சேதி வயித்துக்கு இன்னும் போய்ச் சேரலியே, அதுதான் கோளாறு. காலையில லூச்சியும் ஆலுர் தமும், மத்தியானம் ஒங்க அத்தை வைக்கிற மீன் குழம்பு, சாயங்காலம் சந்தேஷ், ராத்திரி மண் சட்டியில மிஷ்டி தொய். இப்படியே போச்சுன்னா சந்தக்பூவுக்கு நீ ஏற வேண்டாம். ஒன்னையப் பாக்க நாலு பேரு ஏறி வருவான்.

பொறவு அந்தப் பூட்ஸு. ஈரம் காயணும்னு பேப்பரைச் சுருட்டி உள்ள திணிச்சியே, நல்ல யோசனைதான். எனக்கு வங்காளம் வாசிக்கத் தெரியாது. ஆனந்தபஜார் பேப்பர்ல படம் பாத்துதான் ஒலக நடப்பைத் தெரிஞ்சுக்கிடுதேன். இப்பம் ஒலக நடப்பு பூரா ஒன் பூட்ஸுக்குள்ள கெடக்கு. பால்கனிக் கம்பியில காலுறையைக் காயப் போட்டிருக்க. அது ஆடி மாச ஈரத்துல காஞ்சபாடு இல்ல. எதுத்த வீட்டு வங்காளி தாதா ஜன்னலைச் சாத்தினவரு இன்னும் தொறக்கல. விரலிடுக்கைத் தொடைச்சுக் காய விடு, செருப்போட நட, கொப்புளத்துத் தோலைப் பிய்க்காத. அப்புறம் அந்தக் காலுறையை ஒன் கையாலயே சோப்புப் போட்டு அலசு.

மழைக்காலத்துல நடையை நிப்பாட்டி ஒரு எடத்துல தங்குதது ஒண்ணும் புதுசு இல்லடே. சந்நியாசிமாரு அதுக்குச் சாதுர்மாசியம்னு பேரே வச்சிருக்காவ. இந்த வங்காளத்துலயே பெரிய நடைக்காரர் சைதன்ய மகாபிரபு. 1510இல் சந்நியாசம் வாங்கி, பூரிக்குப் போயி, அங்கன இருந்து நம்ம பக்கம் நடந்து வந்தாரு. நீ வந்த தடத்துக்கு எதிர்த் தடம். ஸ்ரீரங்கம் வரும்போது மழைக்காலம். வேங்கட பட்டர் வீட்டுல நாலு மாசம் தங்கினாரு. பாத்தியா, அவரே நாலு மாசம் இருந்தாருன்னு கண்ணு மின்னுது ஒனக்கு! பூராவும் கேளு.

அவரு தெனமும் காவேரியில குளிச்சு, ரங்கநாதர் முன்னால ஆடிப் பாடிக்கிட்டு இருந்தவரு. சாப்பாடு எப்படின்னா, ஊருல உள்ள பிராமணங்க நாளுக்கு ஒருத்தரா விருந்துக்குக் கூப்பிட்டாங்க. நாலு மாசம் முடிஞ்ச பொறவும் முறை வராத வீடு மிச்சம் இருந்துச்சுன்னு அவரு சரித்திரத்துல எழுதி வச்சிருக்கு. படுக்கை ஒரு வீட்டுல, எலை ஊரெல்லாம். கல்கத்தாவுல நமக்கு பெஹாலாவுல ஒரு சித்தப்பா, சால்ட் லேக்ல ஒரு அத்தான், ஹவுராவுல ஒரு ஒண்ணுவிட்ட பெரியம்மா. அவுகளுக்கும் புண்ணியம் வேண்டாமா? எல்லாத்தையும் ஒங்க அத்தை ஒருத்தியே கட்டிக்கிட்டுப் போவணுமா?

இன்னொண்ணு. அந்த வேங்கட பட்டர் வீட்டுல கோபால பட்டர்னு ஒரு சின்னப் பையன். வந்த விருந்தாளிக்குப் பணிவிடை செஞ்சவன். விருந்தாளி போனாரு. பையன் வளந்து பெரியவனானதும் அவனும் பிருந்தாவனத்துக்குப் போயிட்டான். சைதன்யரோட ஆறு கோஸ்வாமிகள்ல ஒருத்தரா ஆயிட்டாரு. ஒலகத்துக்கு லாபம், வீட்டுக்கு? நம்ம வீட்டுச் சின்னவன் பத்தாம் வகுப்பு. நீ வந்ததுல இருந்து கணக்கு நோட்டைத் தொறக்கல. ராத்திரி ஒன் பையை முதுகுல மாட்டிக் கண்ணாடி முன்னால நிக்கான். ஒங்க அத்தை பாத்துட்டா. அன்னையில இருந்து அவ ஒனக்கு ஊத்துத காப்பியில டிகாஷன் எறங்கிக்கிட்டே வருது, கவனிச்சியா?

சோறு போட்டவங்க கதை ஒண்ணு சொல்லுதேன். 1930, ஏப்ரல் 13. ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தாரு. நூறு பேருக்குப் பக்கத்துல தொண்டர்கள், சுமார் 240 கிலோமீட்டர். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க எடம் குடுத்தாலோ ஜெயில்னு தண்டோரா போட்டான். சனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? சோத்துப் பொட்டலத்தை வழியில மரக்கிளையில கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. யாரு கட்டுனான்னு எந்தப் போலீசு கண்டுபிடிக்க? ஏப்ரல் 28இல் வேதாரண்யம் போய்ச் சேந்துட்டாங்க. அந்த மனுசன்தான் 17 வருசம் கழிச்சு, 1947இல், மேற்கு வங்காளத்துக்கு மொத கவர்னரா வந்து இதே கல்கத்தாவுல மாளிகையில இருந்தாரு.

எதுக்குச் சொல்லுதேன்? நடந்தவன் பேரு சரித்திரத்துல இருக்கு. பொட்டலம் கட்டுனவ பேரு எங்க இருக்கு? நீயும் நாளைக்கு நாலு எடத்துல பேசுவ. வெஜயவாடாவுல வெயிலு, பாலசோர்ல மழைன்னு சொல்லுவ. லேக் மார்க்கெட்ல மூட்டு வலியோட நின்னு ஒனக்குத் தோசை சுட்டவளைச் சொல்லுவியா? சொல்லாட்டியும் போவுது. தின்ன தட்டைக் கழுவி வை. 1,700 கிலோமீட்டர் நடந்த காலுக்குச் சமையக்கட்டு வரைக்கும் வரத் தெரியலைன்னா, அது என்னடே நடை?

காலு மரத்துப் போயிரும்னு பயந்தா அதுக்கும் வழி வச்சிருக்கேன். ரவீந்திர சரோவர் ஏரியைச் சுத்துதேன்னு மட்டும் கிளம்பாத. அங்க வாறவனெல்லாம் ஒரு சுத்துக்கு ஒரு சாயா, ஒரு கச்சோரின்னு கணக்கு வச்சிருக்கான்; போனதைவிட எடை கூடித்தான் திரும்புவான். இப்பம் இங்க சிராவண மாசம். சேவ்ராஃபுலியில கங்கைத் தண்ணியை மோந்து காவடியில தூக்கிக்கிட்டு, தாரகேஸ்வரத்துச் சிவனுக்கு ஊத்த சனம் வெறுங்காலோட நடக்கும். 35 கிலோமீட்டருக்கு மேல. அந்தத் தடத்துல 1885லயே ரயில் வந்தாச்சு, இருந்தும் நடக்காங்க. வழிநெடுக தண்ணிப் பந்தல், சர்பத்து. கடைக்காரன், கூலிக்காரன், காலேஜ் புள்ளைங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை நடந்து, திங்கக்கிழமை தண்ணியை ஊத்திட்டு, லோக்கல் ரயில் புடிச்சு வேலைக்குப் போயிருவாங்க. எவனும் போற வழியில அத்தை வீட்டுல மாசக்கணக்குல படுக்க மாட்டான்.

அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கிளம்பி நீயும் போயிட்டு வா. அப்படியே பெஹாலா சித்தப்பா வீட்டுக்கு மூட்டையைக் கட்டு.

ஆனா... இந்த ஞாயித்துக்கிழமை வேண்டாம். ஒங்க மாமா இலிஷ் மீன் வாங்கப் போறான். நீ இருந்தாத்தான் முழு மீன் வரும். நீ இல்லைன்னா, "அப்பாவுக்கு முள்ளு ஆவாது"ன்னு ரெண்டு துண்டு ரூயி மீனோட முடிச்சிருவான். மீன் தின்ன வாயோட சிவனுக்குத் தண்ணி சுமக்கப்படாது. ஆக அடுத்த வாரம்தான் ஒனக்கு நல்ல நாளு.

என்ன முழிக்க? துர்கா பூசை முடியுத வரைக்கும் புள்ளையை விட்டுராதீங்க மாமான்னு ஒங்க அத்தை என்கிட்ட ரகசியமாச் சொன்னா. சீக்கிரம் கிளப்பி விடுங்கப்பா, சின்னவன் படிக்கணும்னு ஒங்க மாமா சொன்னான். இந்த வீட்டுல நான் ரெண்டு பேருக்கும் வேண்டியவனா இருந்தாத்தான் எனக்குச் சோறு. அதான், போன்னும் சொல்லிட்டேன், இருன்னும் சொல்லிட்டேன்.